எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுமா?

வாசகர் கேள்வி (பல்லடத்திலிருந்து)

பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வரும் பெண்களில் சிலரிடம் பிறப்புச் சான்றும் இல்லை, பள்ளிச் சான்றும் இல்லை. ஆதார் மட்டும் இருக்கிறது. அதிலும் பலருக்குப் பிறந்த தேதி சனவரி 1 என்றே இருக்கிறது. கால்பந்து வீரர்களுக்கு மணிக்கட்டில் எம்.ஆர்.ஐ. எடுத்து வயதைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கதிர்வீச்சும் கிடையாதாம். திருப்பூரிலோ கோவையிலோ ஒரு ஸ்கேன் மையத்துடன் பேசி வைத்து, சேர்க்கும்போதே எடுத்துவிட்டால் 18 நிறைந்தவர் யார் என்று தெரிந்துவிடும் அல்லவா?

05.01.2025

தெரிந்துவிடாது. ஈரோட்டில் கதிரியக்க மருத்துவனாக இருப்பவன் என்ற முறையிலும், முன்பு அரசு மருத்துவமனையில் வயது நிர்ணயத்துக்காக வந்த படங்களைப் படித்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்பு ஒவ்வொன்றிலும் தண்டுக்கும் முனைக்கும் இடையில் குருத்தெலும்பாலான ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அந்தத் தட்டில்தான். பருவம் முதிர முதிர அது மெலிந்து, எலும்பாக மாறி, முனையும் தண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. அது இருக்கும் இடம் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பே தெரிகிறது, அதன் இருபுறமும் உள்ள மஜ்ஜையும் தெரிகிறது. தட்டு எந்த அளவு மூடியிருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம். இவ்வளவும் உண்மை. ஆனால் படம் காட்டுவது எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே. முற்றிய சோளக் கதிரைப் பார்த்து அது முற்றிவிட்டது என்று சொல்லலாம். விதைத்த தேதியைச் சொல்ல முடியாது.

கால்பந்து விஷயத்தையும் உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஃபிஃபாவுக்காகச் செய்யப்பட்டு 2007இல் வெளிவந்த ஆய்வு, மணிக்கட்டில் ஆர எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பு) கீழ்முனை மூடுவதை ஆறு படிகளாகப் பிரித்தது. ஆறாம் படி, அதாவது முழுமையாக மூடிய நிலை, 17 நிறையாத ஆண்களிடம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் என்பது அதன் முடிவு. அதை வைத்து 2009இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் சோதனையை நடைமுறைப்படுத்தினார்கள். அந்தச் சோதனை ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: இந்த மணிக்கட்டு 17க்குக் கீழே இருக்க வாய்ப்புண்டா? ஆறாம் படி என்றால் ஆட முடியாது. ஐந்தாம் படி என்றால் ஆடலாம், ஆனால் அவர் 19 வயதுக்காரராகவும் இருக்கலாம். வயதைக் கண்டுபிடிப்பது அங்கே நோக்கமே அல்ல.

அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நீங்கள் கேட்பதோ பெண்களைப் பற்றி.

05.01.2025, இரவு

கதிர்வீச்சு இல்லை என்பதை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அளவுகளைப் பார்ப்போம். இடது கை எக்ஸ்ரேக்குச் சுமார் 0.0001 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), தாடை முழுவதையும் எடுக்கும் பல் எக்ஸ்ரேக்கு 0.026 அளவில், காறை எலும்புக்கு (கழுத்தடியில் மார்புக்கும் தோளுக்கும் இடையில் உள்ள எலும்பு) எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு 0.4 அளவில். இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. அளவை மட்டும் வைத்துப் பேசினால் கை எக்ஸ்ரே ஒரு பொருட்டே அல்ல, சி.டி.கூடச் சிறியதுதான்.

எனக்கு அளவைவிடக் காரணம் முக்கியம். நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அவருக்கு அதனால் ஒரு நன்மை உண்டு. வயது நிர்ணயத்துக்கு வருபவர் நோயாளி அல்லர். அந்தப் படத்தால் அவர் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. அப்படிப்பட்டவர் பதினேழு வயதுப் பெண்ணாகவும் இருக்கக்கூடும் என்னும்போது, கதிர்வீச்சே இல்லாத ஒரு வழி இருந்தால் அதைத் தேடுவது மருத்துவனின் கடமை என்றே நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம் இதுதான், துல்லியம் அல்ல.

08.01.2025

"நம்ம ஊரில் எக்ஸ்ரேயை வைத்தே காலங்காலமாக வயதுச் சான்று கொடுக்கிறார்களே, அது எந்தக் கணக்கில்?" என்று கோபியிலிருந்து ஒரு வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்வி.

பொதுவாக முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் எக்ஸ்ரே எடுக்கிறோம். சில நேரம் தோளையும் சேர்த்துக்கொள்கிறோம். முழங்கை முதலில் மூடும், பிறகு மணிக்கட்டு, அதற்கும் பிறகு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பாகவே இவை நடக்கும். இந்தியச் சட்ட மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பழைய ஆய்வுகளில் ஒன்று கால்ஸ்டான் 1937இல் வெளியிட்டது. அது வங்காளத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்டது. உலகெங்கும் பயன்படும் கிரூலிக்-பைல் கை எக்ஸ்ரே ஒப்பீட்டு நூலின் படங்களோ, 1930களில் தொடங்கி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் எடுத்தவை. கொங்கு நாட்டுப் பிள்ளைக்கோ, ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து திருப்பூருக்கு வந்த பிள்ளைக்கோ அவை அப்படியே பொருந்தும் என்று யாரும் நிறுவவில்லை.

சட்டம் இதை அறிந்தே நடந்துகொள்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவு, பிறந்த தேதி குறித்த பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று முதலில் என்றும், அது இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று என்றும், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்புச் சோதனை அல்லது "வேறு நவீன மருத்துவ வயது நிர்ணயச் சோதனை" என்றும் வரிசைப்படுத்துகிறது. இந்தக் கடைசிச் சொற்களுக்குள் எம்.ஆர்.ஐ.க்கு இடம் இருக்கிறது. ஆனால் அதற்குக் குழந்தைகள் நலக் குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ உத்தரவிட வேண்டும். உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். எலும்புச் சோதனையில் இருபுறமும் 2 ஆண்டுகள் பிழை வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது.

ஒரு மில் நிர்வாகம் தானாக ஸ்கேன் எடுத்து வயதை முடிவு செய்ய இதில் எங்கும் இடமில்லை. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவும், வயது குறித்து ஆய்வாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே கேள்வி எழுந்தால் விதிகள் குறிப்பிடும் மருத்துவ அதிகாரியிடம் ஆய்வாளர் அனுப்ப வேண்டும் என்றுதான் சொல்கிறது.

09.01.2025

ஆதார் குறித்து மட்டும் ஒரு வரி. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆதாரைப் பிறந்த தேதிக்குச் சான்றாக ஏற்காமல், பள்ளிச் சான்றையே எடுத்துக்கொண்டது. சனவரி 1 என்று இருக்கும் அட்டையை நம்பி ஒருவரை இரவுப் பணிக்கு அனுப்பாதீர்கள்.

13.01.2025

முழங்கால் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து எழுதிய இளம் மருத்துவர் ஒருவர், "மணிக்கட்டுத்தான் சீக்கிரம் மூடிவிடுகிறது, முழங்கால் எடுத்தால் 18ஐப் பிடிக்கலாமே, ஸ்வீடனில் செய்கிறார்களே" என்கிறார். இங்கேதான் நிதானம் வேண்டும். ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்வீடனின் தேசியச் சட்ட மருத்துவ வாரியம் 2017இல், புகலிடம் கேட்டு வந்த இளையோருக்கு ஞானப்பல் எக்ஸ்ரேயும் முழங்கால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கத் தொடங்கியது. முழங்காலில் அவர்கள் பார்த்தது தொடை எலும்பின் கீழ்முனை. ஆண்களிடம் அது மூடியிருந்தால் 18 நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படை. அந்த அடிப்படையின் மீதே அங்குள்ள மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் கடுமையான கேள்விகளை எழுப்பினார்கள். மூடிய முழங்காலுடன் 18 நிறையாத ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. பெண்களிடம் நிலைமை இன்னும் மோசம். பெண்களுக்கு அந்தத் தட்டு 17 வயதிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, முழுமையாக மூடிவிடுகிறது. மணிக்கட்டிலும் இதே கதைதான்: பெண்கள் கால்பந்துக்கு மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்தவர்கள் வேண்டாம் என்றே பரிந்துரைத்தார்கள்.

இப்போது நம் மாவட்டங்களை நினைத்துப் பாருங்கள். இங்கே வயது கேள்விக்குள்ளாகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்கள். நூற்பாலை விடுதியில் இருப்பவர்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்து வரப்பட்டு, மீட்கப்பட்டவர்கள். குழந்தைத் திருமணம் என்ற புகாரில் சைல்டுலைன் (குழந்தைகள் உதவித் தொலைபேசி) அழைப்பால் நிறுத்தப்பட்டவர்கள். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்களில் பதினாறரை வயதுப் பெண் ஒருத்திக்கு முழங்கால் ஸ்கேன் எடுத்து, தட்டு மூடியிருக்கிறது, ஆகவே 18 நிறைந்தவர் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள் அவளைப் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும். அவளைத் திரும்ப அதே மில்லுக்கோ அதே மாப்பிள்ளை வீட்டுக்கோ அனுப்பிவிடும். ஆண்களுக்காக உருவான ஒரு கருவியை, ஆண்களுக்கே ஐயத்தோடு ஏற்கப்பட்ட ஒன்றை, நம் பெண் பிள்ளைகள் மீது அப்படியே பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

தட்டு திறந்திருந்தால்? அப்போதும் அது சிறுமி என்பதற்கு முழுச் சான்று ஆகாது. வறுமையும் குறைவான ஊட்டமும் எலும்பு முதிர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன. தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படியே. ஆனால் இந்தப் பிழை பிள்ளைக்குச் சாதகமான பக்கம் விழுகிறது: உண்மை வயதைவிடக் குறைவாகக் காட்டும். பாதுகாக்கும் சட்டத்தில் அந்தப் பக்கம் சாய்வதே சரி. முன்கூட்டிய பூப்பு போன்ற நிலைகளில் எலும்பு முந்திக்கொண்டு முதிரும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் ஒரு மருத்துவர் நேரில் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். படத்தை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி வயது கேட்கும் பழக்கம் தவறானது.

16.01.2025

அப்படியானால் எதைத்தான் எடுப்பது என்று அதே மருத்துவர் கேட்கிறார். காறை எலும்பின் உள்முனையை, அதாவது மார்பெலும்போடு சேரும் முனையை.

உடலில் கடைசியாக மூடும் முனை அதுதான். மற்ற எலும்புகள் எல்லாம் வளர்ந்து முடிந்த பிறகும் அது மூடுவது இருபதுகளின் நடு வரை நடந்துகொண்டிருக்கும். 2000இல் பெர்லினில் அமைந்த சட்ட மருத்துவ வயது நிர்ணயக் குழுவின் பரிந்துரையும் இந்த வரிசையில்தான் இருக்கிறது: உடல் பரிசோதனை, இடது கை எக்ஸ்ரே, பல் பரிசோதனையும் பல் எக்ஸ்ரேயும், கை எலும்புகள் முழுமையாக மூடியிருந்தால் மட்டும் காறை எலும்பு சி.டி. அந்தச் சி.டி. படங்களில் மூன்றாம் படியை, அதாவது முனை பாதி மூடிய நிலையை, மேலும் மூன்றாகப் பிரித்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் கடைசி உட்படி, ஆண் பெண் இருபாலரிடமும், 19 வயதைக் கடந்தவர்களிடம்தான் காணப்பட்டது. 18 நிறைந்ததை உறுதியாகச் சொல்ல உதவும் எலும்பு அடையாளம் என்று நான் நம்பத் தயாராக இருப்பது இது ஒன்றுதான்.

சி.டி.யில் கண்ட படிகளை எம்.ஆர்.ஐ. படத்தின் மீது அப்படியே வைத்துப் படிக்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு பொருள்களைக் காட்டுகின்றன. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் தெரிவது சுண்ணாம்பு படிந்த எலும்பு. எம்.ஆர்.ஐ.யில் டி1 என்னும் படமெடுக்கும் முறையில் வெளிச்சமாகத் தெரிவது மஜ்ஜைக் கொழுப்பு. குருத்தெலும்பு சாம்பல் நிறத்தில் தெரியும். மூடிய பிறகு எஞ்சும் தழும்புக்கோடு கருப்பாகத் தெரியும். எக்ஸ்ரேயில் மூடிவிட்டது போல் தெரியும் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ.யில் இன்னும் மூடாமல் தெரியலாம். ஒவ்வொரு படமும் காட்டும் உடல் துண்டின் தடிமன், காந்தத்தின் திறன் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, எந்தப் படமெடுக்கும் முறையில் எடுத்தது என்பவை மாறினாலும் படி மாறக்கூடும். தடிமனான துண்டில் எடுத்தால் மெல்லிய இடைவெளி ஒன்று பக்கத்து எலும்போடு கலந்து மறைந்துபோகும். எந்த முறையில் எடுத்த படங்களை வைத்து அட்டவணை செய்தார்களோ, அதே முறையில் எடுத்தால்தான் அந்த அட்டவணை பேசும்.

காறை எலும்புக்கு இன்னொரு தொல்லை: மூச்சு விடும்போது மார்பு அசையும், படம் கலங்கும். குப்புறப் படுக்க வைத்தால் அசைவு குறைகிறது. பயந்துபோன பெண்ணைக் குப்புறப் படுக்க வைத்து அந்தக் குழலுக்குள் அனுப்புவது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

21.01.2025

"சராசரி வயது" என்று சொல்லி யாராவது அறிக்கை கொடுத்தால் தயவுசெய்து கேள்வி கேளுங்கள் என்று வழக்கறிஞர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மூடிய எலும்பு மறுபடி திறப்பதில்லை. என் மணிக்கட்டும் மூடியிருக்கிறது, எண்பது வயது ஆத்தாவின் மணிக்கட்டும் மூடியிருக்கிறது. 15 முதல் 25 வயதுள்ளவர்களை வைத்து ஆய்வு செய்தால் கடைசிப் படியின் சராசரி 22 என்று வரலாம். 30 வரை உள்ளவர்களைச் சேர்த்தால் அதே படியின் சராசரி 25 என்று வரலாம். எலும்பு மாறவில்லை, ஆய்வில் சேர்ந்த ஆட்கள் மாறினார்கள். ஆய்வுக் கூட்டத்தின் வயது, சோதிக்கப்படும் ஆளின் மீது ஏறிக்கொள்ளும் இந்தக் கோளாறைப் போகே-ஆப்பெல், மாஸே ஆகிய இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பழைய எலும்புக்கூடுகளின் வயதைப் பற்றி எழுதியபோது 1982லேயே சுட்டிக்காட்டினார்கள்.

எனவே கேட்க வேண்டியது சராசரியை அல்ல. இந்தப் படி, நன்கு ஆவணப்படுத்தப்பட்ட கூட்டத்தில், மிக இளையவர் எந்த வயதில் இருந்தபோது காணப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் 17 வயதுக்காரர்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் "17இல் ஒருவருக்கும் இல்லை" என்பதற்குப் பொருளே இல்லை.

22.01.2025

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ இந்த எலும்புச் சோதனையையே தூக்கிப் போட்டர்லாமுங்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு போக்சோ வழக்கில் 2023 சூலையில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணங்கள் ஆகா என்றது. எஞ்சியது எலும்புச் சோதனை மட்டுமே; அது 18க்கு மேல் என்று காட்டியதால் மேல்முறையீட்டாளர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒருவர் சிறையில் இருப்பதும் வெளியே வருவதும் இந்தப் படத்தைப் பொறுத்து அமையும் வழக்குகள் இனியும் வரும். தூக்கிப் போட முடியாது என்பதால்தான் அதைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

பிரிட்டனில் 2024 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், பல், மணிக்கட்டு எக்ஸ்ரேக்களையும் முழங்கால், காறை எலும்பு எம்.ஆர்.ஐ.களையும் குறிப்பிடுகின்றன. அதற்கு ஆலோசனை சொன்ன அறிவியல் குழு, ஸ்கேனை வைத்து ஒரு வயதைச் சொல்லச் சொல்லவில்லை. ஒருவர் தனக்கு இன்ன வயது என்கிறார், அதிகாரி வேறொரு வயது என்கிறார். இந்த எலும்பு இவற்றில் எதற்கு எத்தனை மடங்கு அதிகமாகப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றது. நீதிமன்றத்துக்கு இது பொருத்தமான வடிவம் என்றே எனக்குப் படுகிறது. முடிவெடுப்பது நீதிபதி; எடை போட்டுக் கொடுப்பது மருத்துவன்.

27.01.2025

அரசுப் பணியில் இருந்த காலத்தில் பெண் காவலரோடு வந்த ஒரு தாயை இன்னும் நினைவிருக்கிறது. சத்தியமங்கலம் மலைப்பக்கத்தவர். மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டேன். "பண்ணாரியில குண்டம் எறங்குன மூணாம் நாளுங்க சாமி, அந்த வருசந்தா எங்கூட்டுக்காரரு கரும்பு வெட்டப் போயி கைய ஒடிச்சுக்கிட்டு வந்தாரு" என்றார். பங்குனி மாதம் என்பது அதிலேயே கிடைத்துவிட்டது. கை முறிவுக்கு எங்கே கட்டுப் போட்டார்கள் என்று கேட்டபோது அருகிலுள்ள ஊரின் பெயரைச் சொன்னார். அந்தச் சீட்டு அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் தேதியோடு இருந்தது. எக்ஸ்ரே எனக்கு இரண்டு மூன்று ஆண்டு அகலமுள்ள ஒரு வரம்பைத்தான் கொடுத்தது. அந்தச் சீட்டு ஆண்டைக் கொடுத்தது. சட்டப்படி அது 94ஆம் பிரிவு ஆவணம் அல்ல. ஆனாலும் குழந்தைகள் நலக் குழுவின் முன் வைக்கத் தக்க செய்தி என்பதால் என் அறிக்கையில் குறிப்பிட்டேன். வயது விசாரணையில் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தை எந்த இயந்திரமும் ஈடு செய்யாது.

02.02.2025

தாலி, மெட்டி, மூக்குத்தி பற்றிக் கேட்டவருக்கு: எல்லா உலோகத்தையும் கழற்றியே ஆக வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும் அது படத்தைக் கெடுக்கும், சூடாகவும் கூடும். கொண்டை ஊசி, பின் ஊசி எல்லாம் காந்தத்தால் பாய்ந்து செல்லும். அந்தக் காந்தம் இரவும் பகலும் அணைவதே இல்லை. தாலியைக் கழற்ற மறுக்கும் பெண்ணிடம் வற்புறுத்தாதீர்கள். வயது கேள்விக்குள்ளான ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி இருப்பதே குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி.

09.02.2025

நம் பிள்ளைகளின் தரவு இல்லை என்று குறை சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. கபடி, கைப்பந்து, இரு சக்கர வாகன விபத்து எனப் பல காரணங்களுக்காகக் கோவை, ஈரோடு, சேலம் மருத்துவமனைகளில் 14 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு அன்றாடம் முழங்கால், தோள், மார்பு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 முதல் இருக்கிறது; மருத்துவமனையில் பிறந்த இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலோருக்குப் பிறப்புச் சான்று உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெயரை நீக்கி, பிறப்புச் சான்றால் வயது உறுதியானவர்களின் படங்களை மட்டும் சேர்த்தால், கொங்கு நாட்டுக்கென்று ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பு உருவாகும். அடிபட்ட தட்டை விலக்க வேண்டும். ஆதார் தேதியை வைத்துச் சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு வயதிலும் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும். இரண்டு மருத்துவர்கள், வயது தெரியாமல், தனித்தனியாகப் படிக்க வேண்டும். காறை எலும்புக்கு மட்டும் தனியாக எடுத்தாக வேண்டும், ஏனெனில் தோளுக்கு எடுக்கும் படத்தில் உள்முனை விழுவதில்லை. அதற்குத் தன்னார்வலர்களும் அவர்கள் சம்மதமும் தேவை.

இதில் சேர விருப்பமுள்ள கதிரியக்கத் துறையினரும் சட்ட மருத்துவத் துறையினரும் இங்கேயே எழுதுங்கள்.

15.02.2025

முதலில் கேட்ட பல்லடம் நண்பர், "சரிங்க, ஸ்கேன் வேண்டாம், நான் என்ன செய்யட்டும்?" என்கிறார். சொந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கடைசியாகப் படித்த பள்ளிக்கும் எழுதிக் கேளுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட் பள்ளிகளிலிருந்து சான்று வாங்கித் தரத் தொழிலாளர் துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் உதவலாம். சான்று வரும் வரை அந்தப் பெண்ணைப் பணியில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே விடுதியில் இருக்கிறார் என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவியுங்கள், வெளியே அனுப்பிவிடாதீர்கள். குழு உத்தரவிட்டு எங்களிடம் வந்தால், நாங்கள் உடல் பரிசோதனையில் தொடங்கிப் பல், கை, தேவைப்பட்டால் காறை எலும்பு என்று பார்த்து, "குறைந்தபட்சம் இத்தனை வயது, 18க்குக் கீழே இருக்கும் வாய்ப்பை விலக்க முடியும்" என்றோ "விலக்க முடியாது" என்றோ எழுதித் தருவோம். விலக்க முடியாது என்று எழுதினால் அவரைச் சிறுமியாகவே நடத்த வேண்டும்.